ஐந்து மணி வலி

என் மகள் நஸ்ரின் முதன்முதலாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்ட நாளில் எங்கள் வீட்டில் பிரியாணி. அதற்கு முந்தின நாள்தான் அவளுடைய அத்தா, என் கணவர், சார்ஜாவிலிருந்து, நாலு மாதத்தில் லீவு கிடைத்துவிடும், ஊருக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். இரண்டரை வருஷம் கழித்து வருகிற மனுஷன். நான் சந்தோஷத்தில் கை அளவு பார்க்காமல் நெய்யை ஊற்றிவிட்டேன். ஆகவே பழி முதலில் என் நெய் மேல் விழுந்தது. ஓமத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் வலி போய்விட்டது. மறுநாள் சாயங்காலம் திரும்ப வந்தது. அன்றைக்கு ரசம் சாதம்தான்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த நாட்களில், எனக்கும் இப்படித்தான் நடந்தது என்று சொல்ல ஒருத்தி எனக்குக் கிடைக்கவில்லை. கட்டி, கல், புழு, கண்ணேறு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இப்போது கொஞ்சம் மூச்சு விடுகிற நேரம். அவள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளாமல் நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வெளிநாட்டில். என் கணவர் அன்சாரி பதினாறு வருஷமாக அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கிறார். காலையில் ஒரு ஷிஃப்ட், ராத்திரி ஒரு ஷிஃப்ட், நடுவில் மத்தியானம் ஓய்வு. அந்த ஓய்வில், நம் ஊர் நேரம் சாயங்காலம் ஐந்து மணிக்கு, வீடியோ கால் வரும். ஒரு நாள் தப்பாது.

அந்த ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எங்கள் வீட்டில் என்ன, தெரு முழுக்க உண்டு. வெளிநாட்டில் இருக்கிறவர் காதுக்குக் கெட்ட சேதி போகக் கூடாது. பாவம், தனியாகக் கிடக்கிறவர், கேட்டுவிட்டு என்ன செய்வார், ஓடியா வர முடியும்? மாடி ஒழுகினால் ஒழுகலை அடைத்த பிறகு சொல்வோம். எனக்குத் தைராய்டு வந்ததை, மாத்திரை பழகி ஒரு வருஷம் ஆன பிறகுதான் சொன்னேன். "ஒரு குறையும் அவர் காதுக்குப் போகாம பார்த்துக்கிட்டவ" என்று என் நாத்தனார் பாத்திமாக்கா நாலு பேரிடம் என்னைப் பற்றிச் சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும். நஸ்ரின் பேசக் கற்றுக்கொண்டபோதே இந்தச் சட்டத்தையும் கற்றுக்கொண்டாள். போன் அடித்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள்.

வலி தினமும் வர ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கழற்றுவாள், அரை மணி நேரத்தில் தொப்புளைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். முகம் வெளுத்துப்போகும். சில நாள் வாந்தி. பசி வலி என்று நினைத்து வந்ததும் வராததுமாக இட்லியைத் திணித்தேன். அதையும் வாந்தி எடுத்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண், இரண்டு வாரத்தில் மூன்று கிலோ குறைந்துபோனாள்.

கும்பகோணத்தில் ஒரு டாக்டர் குடல்வாலாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். ஸ்கேன் எடுத்தோம். குடல்வாலில் ஒன்றும் இல்லை, ஆனால் குடலை ஒட்டி நெறி கட்டியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. சளி பிடித்தால் கழுத்தில் நெறி கட்டுகிறதே, அதுபோல வயிற்றுக்குள்ளும் கட்டுமாம், தானாகவே வற்றிவிடுமாம். மாத்திரை கொடுத்தார்கள். நெறி வற்றியது, வலி வற்றவில்லை. ஒரு சாயங்காலம் அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்துவிட்டார். அன்றைக்கே தஞ்சாவூரில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

ஆறு நாள் இருந்தோம். கையில் ஊசி குத்தி, அது நகராமல் அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். ரத்தம் மூன்று தடவை, சிறுநீர், மலம், மறுபடியும் ஸ்கேன். கடைசியில் எண்டோஸ்கோப்பி. தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை இறக்கி வயிற்றுக்குள் புண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதல் நாள் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடாது. அவள் பட்டினி கிடக்க, நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்று நானும் கிடந்தேன். பாத்திமாக்கா பஸ் பிடித்துத் தூக்கில் கஞ்சியோடு வந்து, என்னை வராண்டாவுக்கு இழுத்துப்போய், "நீ விழுந்தா ரெண்டு கட்டில் புடிக்கணும், குடிடி" என்று நின்று குடிக்க வைத்தார். கூடவே பாட்டிலில் ஓதின தண்ணீர். குழாய் இறக்குகிற அறை வாசலில் நான் இருந்த அந்த இருபது நிமிஷத்தை எழுத எனக்கு வராது. புற்றுநோய் என்ற வார்த்தையை நான் மனசுக்குள் நூறு தடவை சொல்லியிருப்பேன், வாய் மட்டும் ஓதிக்கொண்டிருந்தது.

இனி எழுதப்போவதுதான் கஷ்டமான பகுதி.

ஆஸ்பத்திரியிலும் ஐந்து மணி வரும் இல்லையா? அவரிடம் சொன்னால் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வருவார், கிடைக்கப்போகிற லீவு கெட்டுப்போகும் என்று நானே முடிவு செய்துவிட்டேன். பில்லுக்கு அவர் அனுப்பும் பணத்தைத் தொட்டால் தெரிந்துவிடும் என்று என் வளையலை அடகு வைத்தேன். நாலரை மணிக்கு நர்ஸைக் கெஞ்சி டிரிப்ஸை நிறுத்தச் சொல்லி, நஸ்ரினுக்கு என் துப்பட்டாவைப் போர்த்தி, மாடிப்படிப் பக்கம் அழைத்துப்போவேன். அங்கே ஒரு சுவர் எங்கள் வீட்டுச் சுவர் மாதிரியே இளம்பச்சை. அதில் சாய்ந்து உட்கார வைத்து, ஊசி குத்தின கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்து, உதட்டுக்குக் கொஞ்சம் வாசலின் தடவி, போனை நானே பிடிப்பேன். கை தெரிகிறதா, பின்னால் ஆஸ்பத்திரிப் போர்டு தெரிகிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்வேன்.

"என்னம்மா, தூங்கி எந்திரிச்ச மூஞ்சியா இருக்கு?" என்பார் அவர்.

"ஆமா அத்தா, இப்பதான் எந்திரிச்சேன்."

"நல்லாத் தூங்கு. எங்க அத்தா கூட கடைசி நாள் நிம்மதியா தூங்கிட்டுதான் இருந்தாங்க. நீதானே சொன்ன. அத நெனச்சாத்தான் எனக்கு மனசு ஆறுது."

இதை அவர் அடிக்கடி சொல்வார். அவர் அத்தா, என் மாமனார், இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. சொந்தக்காரர்களிடம், நண்பர்களிடம் போனில், "எம் மவ பார்த்தா, அத்தா நிம்மதியா தூங்கிட்டிருந்தாங்க" என்று சொல்லி ஆறுதல்பட்டுக்கொள்வார். நஸ்ரின் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். கால் முடிந்து எழுந்தவள் மூன்றாவது படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். படியைத் துடைத்த ஆயாம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பெண்ணிடம் கேட்கவில்லை.

ஆறாம் நாள் பெரிய டாக்டர் எங்களை உட்கார வைத்தார். எல்லா ரிப்போர்ட்டும் சுத்தம். புண் இல்லை, கட்டி இல்லை, புழு இல்லை. நான் "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். பிறகு, "அப்ப ஏன் சார் வலிக்குது?" என்றேன்.

"வயித்துக்கும் மூளைக்கும் நடுவுல நரம்பு இருக்கும்மா. பரீட்சைன்னா சில பிள்ளைங்களுக்கு வயித்தைக் கலக்குது இல்லையா, அந்த வழிதான். மனசுல எதையாவது ரொம்ப நாள் அடக்கி வச்சா, அந்த நரம்பு சும்மாச் சும்மா வலின்னு சேதி சொல்ல ஆரம்பிச்சிடும். மருந்தோட கவுன்சிலிங்கும் வேணும்."

"அப்ப வலி நெசமில்லையா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "காலிங் பெல் வயர் ஷார்ட் ஆயிடுச்சுன்னா வாசல்ல ஆளே இல்லாம அடிக்கும். அடிக்கிற சத்தம் பொய்யா? காது வலிக்கத்தானே செய்யும். அவளுக்கு வலி நூத்துக்கு நூறு நெசம். அதை மட்டும் மறந்துடாதீங்க."

அறையை விட்டு வெளியே வருவதற்குள் மறந்துவிட்டேன். ஆறு நாள் தூக்கமில்லை, பட்டினி, பயம். அது எல்லாம் சேர்ந்து வராண்டாவில் வைத்து என் வாயில் வந்தது: "ஏன்டி, இத்தன நாளா எங்கள நடிச்சு ஏமாத்தினியா?"

அவள் வயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வாரம் வலிக்கிறது என்று அவள் சொல்லவே இல்லை. குணமாகிவிட்டது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எட்டாம் நாள் பள்ளிக்கூடக் கழிவறையில் மயங்கிக் கிடந்ததாக டீச்சர் போன் செய்தார். அவள் வலியைச் சொல்லாமல் பொறுத்துப் பொறுத்து, சாப்பாட்டை டப்பாவோடு தோழிக்குக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். மறுபடி மூன்று நாள் ஆஸ்பத்திரி. என் வாழ்நாளில் நான் திரும்ப எடுத்துக்கொள்ள விரும்புகிற வார்த்தை ஒன்று உண்டென்றால் அந்த வராண்டாவில் சொன்னதுதான்.

இந்தத் தடவை கவுன்சிலிங்குக்குப் போனோம். அதே ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி, கடைசி அறை. எங்கள் பக்கத்தில் கவுன்சிலிங் என்றால் இன்ஜினீயரிங் சீட்டுக்குப் போவதுதான். "ஒம்பதாவதுலயே எந்த காலேஜுக்கு?" என்று பாத்திமாக்கா நிஜமாகவே கேட்டார். அறையில் இருந்த திவ்யா மேடத்துக்கு இருபத்தெட்டு, முப்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்றிருந்தால் தெரியும் இவளுக்கு என்று மனசுக்குள் ஒரு நறுக்கு நறுக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அவர் முதலில் எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்றைச் சொன்னார். நஸ்ரின் அந்த அறையில் சொல்வது அந்த அறையிலேயே இருக்கும். அவள் உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது அவளைத் தொந்தரவு செய்கிறார்கள் என்றாலோ மட்டும் என்னிடம் சொல்வார், அதையும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வார்.

"பெத்தவளுக்குத் தெரியக் கூடாதா?" என்றேன்.

"தெரியலாம். அவளா சொல்லும்போது. நீங்க கேக்கக் கூடாது, அவ்வளவுதான்."

கேட்கக் கூடாதாம். பாலில் தண்ணீர் கலந்தால் மாட்டுக்காரரின் மூன்று தலைமுறையை விசாரிக்கிற ஆள் நான். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து மூடின கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வெளியே வந்ததும் ஒன்றும் கேட்காமல் பழைய பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டேன், அதுவே எனக்குப் பெரிய காரியம். அங்கே ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்துவிட்டு, "என்னத்தடி கேட்டாங்க அந்த மேடம்? என்னைப் பத்தி கேட்டாங்களா?" என்றேன். குடித்த ரோஸ்மில்க் வெண்ணாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் பஸ் ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது. கண்டக்டர் வண்டியை நிறுத்தி, அவளை முன் சீட்டில் காற்று வருகிற இடமாக உட்கார வைத்தார். இரண்டு பக்கமும் சம்பா நட்ட வயல். பார்க்க அழகாகத்தான் இருந்தது, எனக்கு அழுகையாக வந்தது.

அடுத்த வாரம் திவ்யா மேடம் என்னைத் தனியாக அழைத்தார். ரோஸ்மில்க் விஷயத்தை நானே ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு ஒரு நோட்டைக் கொடுத்தார். அதில் நான்கு கட்டம். நேரம். பத்துக்கு எத்தனை வலி. அதற்கு முன்னால் என்ன நடந்தது. நாங்கள் என்ன செய்தோம். வலி வரும்போது "நெசமா வலிக்குதா" என்று கேட்க வேண்டாம், "எந்த எடத்துல" என்று கேட்டு வெந்நீர்ப் பை வைத்தால் போதும். வலி வந்தால்தான் அம்மா பக்கத்தில் உட்காருவாள் என்று ஆகிவிடக் கூடாது, ஆகையால் வலி இல்லாத நேரத்திலும் தினம் கொஞ்ச நேரம் சும்மா அவளோடு உட்கார வேண்டும். பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டாம், முதலில் அரை நாள் போகட்டும்.

பிறகு நஸ்ரினையும் உள்ளே கூப்பிட்டு ஒரு பயிற்சி. அவள் எதையாவது சொன்னால் இரண்டு நிமிஷம் நான் வாயைத் திறக்கக் கூடாது. அங்கேயே செய்து பார்த்தோம். நஸ்ரின், "கணக்கு டீச்சர் என்னைய..." என்று ஆரம்பித்தாள். "நீ ஹோம்வொர்க் எழுதிருக்க மாட்ட" என்றேன் நான். திவ்யா மேடம் கடிகாரத்தைக் காட்டினார். ஆறு விநாடி. நஸ்ரின் அன்றைக்குத்தான் ஒரு மாதம் கழித்துச் சிரித்தாள்.

நோட்டை நான்தான் எழுதினேன். மூன்று வாரம், ஒரு நாள் விடாமல். நாலு முப்பத்தைந்து, நாலு நாற்பது, நாலரை, நாலு ஐம்பது. ஞாயிற்றுக்கிழமை கூட அதே நேரம். "முன்னால் என்ன நடந்தது" என்ற கட்டத்தில் இட்லி, பால், வெயில் என்று எழுதிவைத்திருந்தேன். என் கையெழுத்துதான், நான் பார்த்த கடிகாரம்தான். அப்படியும் எனக்கு உறைக்கவில்லை.

திவ்யா மேடம் அந்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நேரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்டார். "ஒரு கெட்ட சேதியை அவ உங்ககிட்ட வந்து சொன்னா, உங்க வாயில மொதல்ல என்ன வரும்?"

யோசிக்கவே இல்லை. "அத்தாகிட்ட சொல்லிடாதன்னு சொல்லுவேன்."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. நோட்டை வாங்கி நேரங்களைப் பார்த்தேன். ஐந்து மணிக்கு முன்னால், எல்லாமே ஐந்து மணிக்கு முன்னால். வெளியே வந்து அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் நான் அழுத அழுகைக்கு, அடுத்த முறைக்குக் காத்திருந்த யாரோ ஒருவர் எழுந்துபோய் டீ வாங்கி வந்து கொடுத்தார்.

அதற்குப் பத்து நாள் கழித்து, நஸ்ரின் சம்மதித்து, என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தாத்தா அன்னிக்குத் தூங்கலம்மா."

எனக்குத் தெரியும். மாமனாருக்கு இரண்டு கிட்னியும் போய் மூன்று மாதம் படுக்கை. அவர் மகனுக்கு அப்போது விசா புதுப்பிக்கிற நேரம். சொன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்துவிடுவார் என்று, லேசான காய்ச்சல், சளி, தூக்கம் என்று மூன்று மாதத்தையும் ஓட்டினோம். சொல்ல வேண்டாம் என்று முதலில் சொன்னது மாமனார்தான். கடைசி வாரத்தில் அவருக்கே மனசு மாறிவிட்டது. கடைசி நாள் சாயங்காலம் உள் அறையிலிருந்து "அன்சாரி, அன்சாரி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஐந்து மணிக்கு போன் வந்தது. பதினோரு வயது நஸ்ரின் போனைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள், சத்தம் கேட்காமல் இருக்க. "தாத்தாகிட்ட குடும்மா" என்று அவர் கேட்டிருக்கிறார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சமையல்கட்டு வாசலில் நின்று உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துச் சாய்த்துக் காட்டினேன். அவள், "தூங்குறாங்க அத்தா" என்றாள். விடிவதற்குள் மாமனார் போய்விட்டார். அடக்கத்துக்கு மகன் வந்து சேர முடியவில்லை.

"அத்தா ஒவ்வொரு தடவையும் அதையே சொல்றாங்க. நிம்மதியா தூங்கினாங்கன்னு. நான்தான் பார்த்தேன்னு. இப்ப ஊருக்கு வந்து நேர்ல கேப்பாங்க. என்னால நேர்ல தலையாட்ட முடியாதும்மா."

இரண்டு நிமிஷம் நான் பேசவில்லை. பயிற்சியினால் இல்லை, பேச்சு வரவில்லை.

பிறகு, "நான் அத்தாகிட்ட சொல்லட்டுமா?" என்றாள்.

வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அந்த மனுஷனிடம் மிஞ்சி இருக்கிற ஒரே ஆறுதல் அது. அதைப் பிடுங்கினால் அவர் தாங்குவாரா, என்னை மன்னிப்பாரா, தெரியாது. எதிரில் என் பெண் வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். திவ்யா மேடம் எனக்கு உதவிக்கு வரவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லு" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். நான் பக்கத்தில் இருக்க வேண்டும், கேட்டால் ஒழிய பேசக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. முதலில் ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னாள், பச்சைச் சுவரைச் சொன்னாள். அவர் முகம் மாறிவிட்டது. பிறகு அதைச் சொன்னாள்.

"தாத்தா தூங்கல அத்தா. உங்களத்தான் கூப்புட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். பிறகு, "ஜெசீமா, இவ என்ன சொல்றா?" என்றார்.

"சரியாத்தான் சொல்றா. நான்தான் சொல்லச் சொன்னேன். அவ மேல தப்பு இல்லங்க."

"அத்தா என்னைக் கூப்புட்டாங்களா?"

"கூப்புட்டாங்க."

"எத்தன தடவ?"

ஒரு தடவை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நஸ்ரின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றைக்குக் கொல்லையில் நின்று பார்த்த மாதிரியே. "எண்ணலங்க. சாயங்காலம் பூரா" என்றேன்.

போன் அவர் கையிலிருந்து சாய்ந்து படுக்கையில் விழுந்தது. வழக்கமாக ஒரு வெள்ளைச் சுவர்தான் அவர் பின்னால் தெரியும், தனி ரூம் என்று சொல்லியிருந்தார். இப்போது போன் மேலே பார்த்துக் கிடந்ததில், அவர் தலைக்கு மேல் இன்னொரு கட்டிலின் அடிப்பலகையும், அதில் தொங்கிய யாருடைய பனியனோ ஒன்றும் தெரிந்தன. அவர் தெரியவில்லை. பிறகு கால் துண்டித்துப்போனது.

நாலு நாள் அவர் கூப்பிடவில்லை. பதினாறு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. நஸ்ரினுக்கு இரண்டு நாள் வலி ஒன்பதுக்குப் போனது, பள்ளிக்கூடமும் போகவில்லை. "நல்லா இருந்த குடும்பத்துல அந்த மேடம் தீய வச்சிட்டா" என்று பாத்திமாக்கா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. போனில் திவ்யா மேடத்திடம் கத்தினேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "வலி வந்தா தோத்துட்டோம்னு இல்லம்மா. கூட இருங்க. நோட்டு மட்டும் எழுதுங்க, இனிமே அவளே எழுதட்டும்" என்றார். எனக்குக் கோபம் தீரவில்லை. இருந்தாலும் நோட்டை அவளிடம் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் சரியாக ஐந்து மணிக்கு போன் அடித்தது. அவர் கண் இரண்டும் வீங்கியிருந்தன. பின்னால் வெள்ளைச் சுவர் இல்லை. வரிசையாகக் கட்டில்கள், கயிற்றில் துணி.

"எட்டு பேரு இருக்கோம் இங்க. அதையும் சொல்லிப்புடுறேன்" என்றார். "ஒம்மேல கோவம் இன்னும் போகல. வந்து பேசிக்கிறேன். இப்ப அவகிட்ட குடு. நீ கொஞ்சம் வெளில இரு."

போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி நாற்காலி எனக்கு அதைப் பழக்கிவிட்டிருந்தது. முக்கால் மணி நேரம். கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தத்தைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, காதை வைக்கவும் இல்லை. நஸ்ரின் வெளியே வந்தாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை, கண்ணீர் காய்ந்து கோடு கோடாக இருந்தது. என்ன பேசினீங்க என்று நான் கேட்கவில்லை. இன்று வரைக்கும் கேட்கவில்லை. அவளாக நோட்டைத் திறந்து எழுதி, என்னிடம் நீட்டினாள்.

நேரம்: ஐந்து பத்து. வலி: பத்துக்கு நாலு. முன்னால் என்ன நடந்தது: அத்தா அழுதாங்க. என்ன செய்தோம்: நானும் அழுதேன். ரெண்டு பேரும் போனை வைக்கல.